பொன்மலர் அனுப்பிய அரசர்

ஜார்ஜ்டவுன் நகரின் கோட்டைத் திடலுக்கு மாலை வேளையில் காற்று வாங்க வருவோர் பலர். கடலோரச் சுவரருகே நின்று வடக்கே பார்த்தால், வானம் தெளிந்திருக்கும் நாளில், நீல நிறத்தில் ஒரு மலை தெரியும். அதுவே கெடா மாநிலத்தின் குனோங் ஜெராய். 1,217 மீட்டர் உயரமுள்ள இம்மலை, பண்டைக் காலத்தில் வங்கக் கடலைக் கடந்து வந்த கப்பலோட்டிகளுக்குக் கரையைக் காட்டும் அடையாளமாக இருந்தது. தமிழர்கள் ‘கடாரம்’ என்று அழைத்த நாடு இதுதான். 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கடற்படை இந்நாட்டின்மீது படையெடுத்தது. அதனால் அம்மன்னன் ‘கடாரம் கொண்டான்’ என்று பெயர் பெற்றான்.

திடலின் ஓரத்தில் உள்ள கோட்டைக்குக் கார்ன்வாலிஸ் என்று பெயர். அருகில் உள்ள சாலைக்கு லைட் என்று பெயர். இரண்டும் ஆங்கிலேயர்களின் பெயர்கள். ஆனால், இத்தீவு ஒரு காலத்தில் அந்த நீல மலைக்கு அருகிலிருந்து ஆண்ட கெடா சுல்தானுக்குச் சொந்தமாக இருந்தது. அவர் ஏன் இதனைக் கொடுத்தார்? கொடுத்ததற்கு ஈடாக அவர் எதிர்பார்த்தது என்ன? அது அவருக்குக் கிடைத்ததா? இக்கேள்விகளுக்கு விடை காண, ஒரு பொன்மலரின் கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

திறையா, நட்பா?

மலாய் மொழியில் ‘புங்கா மாஸ்’ என்றால் பொன்மலர் என்று பொருள். அது தனி மலர் அன்று. தங்கத்தால் செய்யப்பட்ட ஒரு சிறு மரம். கிளை, இலை, பூ எல்லாம் பொற்கொல்லர்களின் கைவேலை. அதனுடன் வெள்ளியால் செய்யப்பட்ட மற்றொரு மரமும் சேரும். மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை கெடா அரசவை இவ்விரண்டையும் தூதுவர்களிடம் கொடுத்துச் சியாம் மன்னருக்கு அனுப்பி வைத்தது. சியாம் என்பது இன்றைய தாய்லாந்து. கிளந்தான், திரங்கானு, பட்டாணி ஆகிய நாடுகளும் இவ்வாறே அனுப்பி வந்தன.

இப்பொன்மலரின் பொருள் என்ன என்பதில்தான் சிக்கல் இருந்தது. சியாம் அரசவை இதனைத் ‘திறை’ என்று கருதியது. திறை என்பது சிற்றரசன் பேரரசனுக்கு அடங்கி நடப்பதன் அடையாளம். கெடா அரசவையோ இதனை நட்பின் அடையாளமாகவே கருதியது. சியாம் மன்னரும் பதிலுக்குப் பரிசுகள் அனுப்பினார். தங்கள் நாட்டில் தங்கள் சட்டப்படியே தாங்கள் ஆள்வதாகக் கெடா சுல்தான்கள் எண்ணினர். ஒரே பொருளுக்கு இரு பக்கமும் இரு வேறு பொருள் கொண்டன. சியாம் வலிமை குன்றியிருந்த காலங்களில் இந்த வேறுபாடு யாரையும் வருத்தவில்லை. சியாம் வலிமை பெற்றபோதெல்லாம் அது பெரிதானது.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அத்தகைய காலம். 1767இல் பர்மியப் படை சியாமின் தலைநகரான அயுத்தயாவை அழித்தது. ஆயினும் சியாம் விரைவில் மீண்டெழுந்தது. 1782இல் முதலாம் ராமா பாங்காக்கைத் தலைநகராக்கிப் புதிய அரச மரபைத் தொடங்கினார். பர்மியரின் பெரும் படையெடுப்பை முறியடித்த பின், சியாமியப் படை தெற்கே திரும்பிப் பட்டாணியை அடக்கியது. அடுத்தது தன் நாடாக இருக்குமோ என்று கெடாவின் சுல்தான் அப்துல்லா முக்காராம் ஷா அஞ்சினார். ஒரு பக்கம் சியாம், மறுபக்கம் பர்மா. இரண்டுக்கும் இடையில் சிக்கிய சிறிய நாட்டின் அரசர் அவர்.

தீவு கைமாறியது

அந்நேரத்தில் கெடா கரைக்கு அடிக்கடி வந்து போனவர் பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேய வணிகர். மலாய் மொழி பேசத் தெரிந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனி தன் கப்பல்களுக்கு மலாக்கா நீரிணையில் ஒரு துறைமுகத்தைத் தேடிக்கொண்டிருந்தது. சுல்தானுக்கு ஒரு பாதுகாவலர் தேவைப்பட்டார். இருவர் தேவையும் பினாங்குத் தீவில் சந்தித்தன.

சுல்தான் தம் நிபந்தனைகளை எழுதி லைட்டிடம் கொடுத்தனுப்பினார். பினாங்கில் துறைமுகம் அமைந்தால் கெடாவின் வணிக வருமானம் குறையும். அதற்கு ஈடாக ஆண்டுக்கு 30,000 ஸ்பானிய வெள்ளி வேண்டும் என்பது ஒன்று. தரை வழியாகப் பகைவர் வந்து தாக்கினால், கம்பெனி படைவீரர்களும் ஆயுதங்களும் தந்து உதவ வேண்டும் என்பது மற்றொன்று. பணம் முக்கியம்தான். ஆயினும் சுல்தான் தம் தீவைக் கொடுக்க முன்வந்ததற்கு இரண்டாவது நிபந்தனையே காரணம்.

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் லைட் இத்தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். நகருக்கு இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயர் சூட்டப்பட்டது. கெடா துறைமுகத்தில் வணிகம் செய்துவந்த சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்கள் பலர் புதிய துறைமுகத்திற்குக் குடிபெயர்ந்தனர். சூலியா தெரு என்னும் பெயர் அவர்களை இன்றும் நினைவூட்டுகிறது. ஆனால், கொடி ஏறிய அந்நாளில் சுல்தானின் நிபந்தனைகளுக்குக் கம்பெனி இறுதி விடை அளித்திருக்கவில்லை. விடை வரும் முன்பே தீவு கைமாறிவிட்டது.

விடை 1788இல் வந்தது. கெடாவுக்காகச் சியாமுடன் போரில் இறங்க நேரும் எந்த உடன்பாடும் வேண்டாம் என்று வங்காளத்திலிருந்த கம்பெனி ஆட்சி முடிவு செய்தது. அப்போது தலைமை ஆளுநராக இருந்தவர் கார்ன்வாலிஸ் பிரபு. திடலோரக் கோட்டை தாங்கி நிற்பது அவருடைய பெயரைத்தான்.

சுல்தான் பொறுத்துப் பார்த்தார். பின்னர்த் தீவை மீட்கப் பிறையில் படை திரட்டினார். 1791ஆம் ஆண்டு ஏப்ரலில் லைட் முந்திக்கொண்டு தாக்கி அப்படையைச் சிதறடித்தார். அதன் பிறகு கையெழுத்தான உடன்படிக்கையின்படி கம்பெனி ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி தர ஒப்புக்கொண்டது. தீவுக்கு வேண்டிய உணவுப் பொருள்கள் கெடாவிலிருந்து தடையின்றி வர வேண்டும். வேறு ஐரோப்பியர் கெடாவில் குடியேறக் கூடாது. இவையெல்லாம் அதில் எழுதப்பட்டன. சியாம் தாக்கினால் கம்பெனி காக்கும் என்ற ஒரு வரி மட்டும் எழுதப்படவில்லை. 1800இல் மற்றோர் உடன்படிக்கை ஏற்பட்டது. எதிர்க்கரையில் ஒரு நிலப்பகுதி கம்பெனியின் கைக்கு மாறியது. அதுவே இன்றைய செபராங் பிறையின் தொடக்கம். ஆண்டுத் தொகை 10,000 வெள்ளியாக உயர்ந்தது. சியாமிடமிருந்து கெடாவைக் காக்கும் உறுதிமொழி அதிலும் இடம்பெறவில்லை.

மகன் எழுதிய கடிதம்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்துல்லாவின் மகன் சுல்தான் அகமது தாஜுடின் ஹாலிம் ஷா அரியணை ஏறினார். தந்தையின் அச்சம் மகனுக்கு அன்றாட வாழ்க்கையானது. பொன்மலர் மட்டும் போதாது என்றது சியாம். பர்மாவுடன் நடக்கும் போர்களுக்கு அரிசி அனுப்ப வேண்டும். படகுகள் அனுப்ப வேண்டும். ஆள்கள் அனுப்ப வேண்டும். ஒன்றைக் கொடுத்தால் அடுத்தது வந்து நின்றது.

1810ஆம் ஆண்டின் இறுதியில் சுல்தான் அகமது, தலைமை ஆளுநர் மிண்டோ பிரபுவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தம் தந்தை தீவைக் கொடுத்த வரலாற்றை அதில் வரிசையாக எடுத்துரைத்தார். எந்த நம்பிக்கையில் அது கொடுக்கப்பட்டது என்பதை நினைவூட்டினார். சியாமின் கோரிக்கைகள் பெருகுவதைச் சொல்லிக் கம்பெனியின் பாதுகாப்பை வேண்டினார். அவர் வேண்டிய பாதுகாப்பு கிடைக்கவில்லை.

பின்னர் அவருக்கு மேலும் கடினமான கட்டளை வந்தது. பேராக் நாடும் பொன்மலர் அனுப்ப வேண்டும் எனச் சியாம் விரும்பியது. பேராக் மறுத்தது. பேராக்கை அடக்கும் பொறுப்பைச் சியாம் கெடாவின்மீது சுமத்தியது. பேராக்குடன் கெடாவுக்குப் பகை இல்லை. இருந்தும் 1818இல் கெடாப் படை பேராக்கிற்குள் நுழைந்தது. பெரிய அரசின் அழுத்தத்தால் ஒரு சிறிய நாடு மற்றொரு சிறிய நாட்டைத் தாக்கியது.

இந்நிலை கெடாவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கொரியாவிலும் இதே துன்பம் இருந்தது. அங்கே கோரியோ என்னும் அரசு, மங்கோலியப் படையெடுப்புகளை நெடுங்காலம் எதிர்த்து நின்று, இறுதியில் பணிந்தது. 1274இல் அரியணை ஏறிய சுங்னியோல் மன்னர், மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானின் மகளை மணந்தார். கோரியோ இளவரசர்கள் மங்கோலிய அரசவையில் தங்கி வளர்ந்தனர். அரசவையில் மங்கோலிய உடையும் சிகையலங்காரமும் புகுந்தன. மன்னர்களின் பெயர்களிலேயே ‘விசுவாசம்’ என்னும் பொருள்தரும் எழுத்து சேர்க்கப்பட்டது. 1274இலும் 1281இலும் குப்ளாய் கான் ஜப்பான்மீது படையெடுத்தபோது, கப்பல்களையும் வீரர்களையும் கோரியோ கொடுக்க வேண்டியிருந்தது. ஆயினும் அதன் அரச மரபு அழியவில்லை. 1356இல், மங்கோலியர் வலிமை குன்றிய நேரம் பார்த்து, கோங்மின் மன்னர் அவர்கள் பிடியிலிருந்து தம் நாட்டை விடுவிக்கத் தொடங்கினார். பணிந்து போனவர்கள் எல்லாம் தோற்றுப்போனவர்கள் அல்லர் என்பதற்குக் கோரியோ ஒரு சான்று. அப்பணிவுக்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று என்பதற்கும் அதுவே சான்று.

கிசுகிசுக்கும் பகைவர்

பேராக்கை அடக்கிக் கொடுத்தும் சுல்தான் அகமதுக்கு அமைதி கிட்டவில்லை. அவர் பர்மாவுடன் இரகசியமாகத் தொடர்பு வைத்திருக்கிறார் என்று சியாம் குற்றஞ்சாட்டியது. பாங்காக்கிற்கு நேரில் வந்து விளக்கம் தருமாறு அழைத்தது. போனால் திரும்ப முடியுமா என்ற ஐயத்தால் அவர் போகவில்லை.

1821ஆம் ஆண்டு நவம்பரில் லிகோர் ஆளுநரின் கப்பல்கள் கோலக் கெடாவின் ஆற்று முகத்தில் நுழைந்தன. லிகோர் என்பது தென் சியாமில் இருந்த ஒரு மாநிலம். பர்மாவுடன் போரிடச் செல்வதாகவும் அரிசி வேண்டும் என்றும் வந்தவர்கள் கூறினர் என்று அக்காலக் குறிப்புகள் தெரிவிக்கின்றன. கெடா மக்கள் ஆயத்தமாக இல்லாத வேளையில் தாக்குதல் தொடங்கியது. கோட்டை வீழ்ந்தது. இப்போரை மலாய் மக்கள் ‘பெராங் மூசோ பெர்பிசிக்’ என்று அழைத்தனர். ‘கிசுகிசுக்கும் பகைவரின் போர்’ என்பது அதன் பொருள்.

சுல்தான் தப்பித் தெற்கே வந்தார். அவர் அடைக்கலம் புகுந்த இடம் பினாங்கு. தம் தந்தை கம்பெனிக்குக் கொடுத்த அதே தீவு. ஆயிரக்கணக்கான கெடா மக்களும் உடுத்திய உடையோடு செபராங் பிறைக்கும் பினாங்கிற்கும் ஓடிவந்தனர். வந்தவர்கள் புதிதாக நிலம் திருத்தி நெல் விதைத்தனர், ஊர்களை அமைத்தனர். செபராங் பிறையின் பழைய கம்பங்கள் பலவற்றின் வேர் இந்தக் குடிபெயர்வில் இருக்கிறது.

சுல்தானைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு லிகோர் ஆளுநர் கேட்டார். பினாங்கு ஆளுநர் வில்லியம் பிலிப்ஸ் மறுத்துவிட்டார். அடைக்கலம் புகுந்தவரைக் காட்டிக் கொடுக்கவில்லை என்னும் அளவில் கம்பெனி நேர்மையாக நடந்தது. ஆனால், இழந்த நாட்டை மீட்டுத் தர அது முன்வரவில்லை.

அரசரா, ஆளுநரா?

பினாங்கிலிருந்த கம்பெனி அதிகாரிகளிடையே இதுபற்றிக் கருத்து வேறுபாடு இருந்தது. ஜான் ஆண்டர்சன் என்னும் அதிகாரி, 1824இல் பினாங்கிலேயே வெளியான தம் நூலில், கெடா தன்னுரிமையுள்ள நாடு என்றும் அதற்கு உதவுவது கம்பெனியின் கடமை என்றும் வாதிட்டார். அவருக்கு மறுப்புச் சொன்னவர்களும் இருந்தனர். கெடா பொன்மலர் அனுப்பி வந்தது; ஆகவே அது சியாமுக்கு உட்பட்ட நாடு; சியாம் தன் சிற்றரசைத் தண்டித்தால் அதில் தலையிட நமக்கு உரிமை இல்லை என்பது அவர்கள் வாதம்.

அப்போது கம்பெனி பர்மாவுடன் போரிட்டுக்கொண்டிருந்தது. சியாமின் நட்பு அதற்குத் தேவைப்பட்டது; சியாமில் வணிகம் செய்யும் உரிமையும் தேவைப்பட்டது. 1826ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஹென்றி பர்னி என்னும் தூதுவர் பாங்காக்கில் ஓர் உடன்படிக்கையை முடித்தார். கெடா சியாமின் கையிலேயே இருக்கும் என்று கம்பெனி அதில் ஒப்புக்கொண்டது. சுல்தான் கெடாவைத் தாக்கக் கம்பெனி இடம் தராது. அவர் பினாங்கிலோ பிறையிலோ பேராக்கிலோ சிலாங்கூரிலோ வசிக்கவும் கூடாது. அந்த உடன்படிக்கையில் சுல்தான் அகமதுக்குக் கொடுக்கப்பட்ட பெயர் ‘கெடாவின் முன்னாள் ஆளுநர்’ என்பதுதான்.

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். 1791இலும் 1800இலும் கம்பெனி யாருடன் உடன்படிக்கை செய்தது? கெடா சுல்தானுடன். அப்போது சியாமின் அனுமதியை அது கேட்கவில்லை. அந்த ஆண்டுகளிலும் கெடா பொன்மலர் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. தீவும் நிலமும் வேண்டியபோது அவர் தம் நாட்டைக் கொடுக்கும் உரிமையுள்ள அரசர். அவர் உதவி வேண்டியபோது, வேறோர் அரசரின் கீழுள்ள ஆளுநர். கெடா அரசவை மாறவில்லை, பொன்மலரும் மாறவில்லை. தேவை மாறியதும் அவருக்குச் சூட்டப்பட்ட பெயர்தான் மாறியது.

மீண்டும் ஒரு தூது

சுல்தான் உடனே பினாங்கை விட்டு வெளியேறவில்லை. 1831இல் அவருடைய உறவினர் துங்கு குடின் தலைமையில் கெடா மக்கள் கிளர்ந்தெழுந்து கோட்டையைக் கைப்பற்றினர். சியாம் பெரும்படையுடன் வந்து முற்றுகையிட்டது. துங்கு குடின் போரில் உயிர் துறந்தார். அதன் பின் சுல்தான் மலாக்காவுக்கு அனுப்பப்பட்டார். 1838இல் மீண்டும் ஒரு பெருங்கிளர்ச்சி எழுந்தது. அடுத்த ஆண்டில் அதுவும் அடக்கப்பட்டது. கெடா கடற்கரையை மறித்துச் சியாமுக்கு உதவியவை ஆங்கிலேயக் கப்பல்கள்.

இரு கிளர்ச்சிகளும் தோற்றன. ஆனால், அவை வீணாகவில்லை. சுல்தான் இல்லாமல் கெடாவை அமைதியாக ஆள முடியாது என்பதைப் பாங்காக் உணர்ந்தது. 1839இல் லிகோர் ஆளுநரும் இறந்தார். வாளால் பெற முடியாததைச் சொல்லால் பெற முயல்வது என்று சுல்தான் முடிவு செய்தார். தம் மூத்த மகனைப் பாங்காக்கிற்குத் தூது அனுப்பினார். நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் போன்ஹமின் பரிந்துரைக் கடிதமும் உடன் சென்றது. சியாம் மன்னர் இசைந்தார்.

1842இல், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அகதியாக வாழ்ந்த பின், சுல்தான் அகமது கெடாவுக்குத் திரும்பினார். அவர் விட்டுச் சென்ற நாடு அப்படியே திரும்பக் கிடைக்கவில்லை. பெர்லிஸ், செத்துல், குபாங் பாசு ஆகியவை தனித்தனி ஆட்சிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. பெர்லிஸ் இன்று தனி மாநிலமாக இருப்பதற்கும் செத்துல் தாய்லாந்தில் இருப்பதற்கும் தொடக்கம் அங்கே இருக்கிறது. திரும்பிய சுல்தான் நெடுங்காலம் வாழவில்லை. ஆனால், அவருடைய மரபு அரியணையில் நிலைத்தது. பொன்மலரும் மீண்டும் பாங்காக்கிற்குச் செல்லத் தொடங்கியது.

இன்றும் தொடரும் கதை

1909ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆங்கிலேயரும் சியாமும் பாங்காக்கில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். அதன்படி கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகியவற்றின்மீது சியாமுக்கு இருந்த அதிகாரம் ஆங்கிலேயரின் கைக்கு மாறியது. பொன்மலர் அனுப்பும் வழக்கம் அத்துடன் முடிவுற்றது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1903இல், கெடா இன்னும் பொன்மலர் அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், அலோர்ஸ்டார் அரண்மனையில் ஒரு குழந்தை பிறந்தது. சுல்தான் அகமதின் வழிவந்த அக்குழந்தை சிறுவயதில் பாங்காக்கிலும் சில காலம் கல்வி கற்றது. 1957இல் நாட்டின் விடுதலையை அறிவித்த முதல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அவர்களே அக்குழந்தை.

பினாங்கிற்கும் செபராங் பிறைக்குமாகக் கெடாவுக்கு ஆண்டுதோறும் பணம் வழங்கும் வழக்கம் விடுதலைக்குப் பின்னரும் நிற்கவில்லை. இன்று அதனை மலேசிய மத்திய அரசாங்கம் வழங்கி வருகிறது. எழுத்தில் இருந்ததால் அந்தத் தொகை இருநூறு ஆண்டுகளைக் கடந்தும் நிலைத்தது. எழுத்தில் ஏறாத பாதுகாப்பு உறுதியோ, தேவைப்பட்ட நாளில் கிடைக்கவில்லை.

கோட்டைத் திடலில் நின்று அந்த நீல மலையைப் பார்ப்பவர்கள் இதனையும் நினைத்துப் பார்க்கலாம். வலியவரோடு உடன்பாடு செய்யும்போது, வாய்ச்சொல்லில் மகிழ்வது எளிது. தாம் எதை மிகவும் வேண்டுகிறோமோ அது எழுத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதே அறிவு. வலியவர்களுக்கும் இக்கதையில் ஒரு பாடம் உண்டு. கொடுத்தவர் எந்த நம்பிக்கையில் கொடுத்தார் என்பதைப் பெற்றவர் மறக்கலாம், வரலாறு மறப்பதில்லை.